அண்ணாச்சி காலுக்கு அளந்த ஓடு

என் வண்டிக் கொட்டகைச் சுவரில், டயர் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்து ஆணியில், கறுப்பாக ஒற்றைச் சப்பாத்து ஒன்று தொங்குகிறது. இடது காலுக்கு உரியது. வெளியே கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளே மெத்தை, அடியில் அலுமினியத் தகடு. சுண்டுவிரல் பக்கம் மட்டும் பணியாரம் போல உப்பியிருக்கும். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கலே?" என்று கேட்காமல் போவதில்லை. "ராக்கெட்டு செய்யிற ஊருதான, ஒரு நாள் ஏறிப் போயிருவோம்னு வாங்கினேன். ஒத்தக் காலுக்குத்தான் துட்டு இருந்துச்சு" என்பேன். பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால்தான் ஒருவரும் நம்புவதில்லை.

உண்மை என்னவென்றால், அது சின்ன அண்ணாச்சியின் சப்பாத்து. நான் லோடு வண்டி ஓட்டும் பட்டாசுக் கம்பெனி முதலாளியை ஊரே பெரிய அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் மகன் சின்ன அண்ணாச்சி. வெளிநாட்டில் ஏரிகள் நிறைந்த ஏதோ ஓர் ஊரில் படிக்கப் போனார். என்ன படித்தாரோ தெரியாது. படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கிப் போகிற வித்தையைப் படித்துவிட்டு வந்தார். வந்த கையோடு தூத்துக்குடியில் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினார். அனுமதிக் காகிதத்துக்கு நாயாய் அலைந்தார். பெரிய அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம்மூர்ல குளிக்கத் தண்ணி இல்ல. நீ சறுக்கத் தண்ணி தேடுதியா?"

தண்ணீர் இல்லாமல் இல்லை. தீபாவளி முடிந்ததும் கம்பெனிக்குச் சில வாரம் லீவு. அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கம் மழையும் பெய்யும், வைப்பாறும் ஓடும், வெம்பக்கோட்டை அணையும் ஓரளவு நிறையும். வயலுக்குத் திறந்துவிட்டால் மறுபடி இறங்கிவிடும். எங்களுக்குக் கை ஓய்வதும் அணைக்குத் தண்ணீர் வருவதும் ஒரே சமயத்தில் என்பதைக் கண்டுபிடித்தவர் சின்ன அண்ணாச்சி. அதில் அவருக்கு இருந்த பெருமை, கம்பெனியில் ஒரு புது ரகம் போட்டிருந்தால்கூட இருந்திருக்காது.

இஞ்சின் சத்தத்தை வைத்தே நோவு சொல்வேன் என்பதால் படகோட்டும் வேலை என்னிடம் வந்தது. முன்னால் பார்த்து ஓட்ட வேண்டும், பின்னால் கயிற்றில் வருகிறவரையும் பார்க்க வேண்டும். அதற்காக என் லோடு வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் படகில் மாட்டினேன். பதிலுக்கு அண்ணாச்சி எனக்கு இரண்டு பலகையில் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு போவது அது. ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, வாழ்க்கையில் சீக்கிரம் வந்த படிப்பு அது ஒன்றுதான்.

ஆனால் என் கண் முழுக்க அவருடைய ஒற்றைப் பலகை மேல். ஒரே பலகையில் இடது கால் முன்னால், வலது கால் பின்னால். மிதக்கவிட்ட எண்ணெய்க் கேன்களைச் சுற்றிச் சுற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது ஆள் சாய்வார் பாருங்கள், தோள் தண்ணீரைத் தொடும். பின்னால் கண்ணாடிச் சுவர் மாதிரி தண்ணீர் எழும்பும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் அப்படிச் சாய வேண்டும். அதற்குமேல் அப்போது எனக்கு ஆசை இருந்ததாக நினைவில்லை.

குறுக்கே நின்றது முன்காலில் மாட்டுகிற அந்தச் சமாச்சாரம். பின்காலுக்கு ஒரு ரப்பர் வார் போதும், விரலைச் சொருகிக்கொள்ளலாம். முன்காலுக்குத்தான் பிடி வேண்டும். அண்ணாச்சி இரண்டு வகை கொண்டுவந்திருந்தார். ஒன்று முழுக்க ரப்பர். சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் எந்தக் காலும் உள்ளே போகும். விழுந்தால் குதிகால் தானாக வழுக்கி வெளியே வந்துவிடும். ஆனால் வேகமாகத் திரும்பும்போது உள்ளே கால் கொஞ்சம் ஆடும். இன்னொன்று இந்தச் சப்பாத்து. ஆமை ஓடு மாதிரி இருந்ததால் நான் அதற்கு ஓடு என்று பெயர் வைத்தேன். அவர் காலுக்கென்றே அளவெடுத்து வாங்கியது. கணுக்காலைக் கவ்விக்கொள்ளும். நினைத்த மாத்திரத்தில் பலகை திரும்பும். ஆனால் அது காலை விடாது. விழுந்தால் ஓடே தகட்டோடு பலகையை விட்டுக் கழன்று வர வேண்டும். அந்தப் பிடியை இறுக்கி வைத்தால் கணுக்கால் போகும், தளர்த்தி வைத்தால் பாதி வழியில் பலகை போகும்.

எனக்கு இந்த வழக்கில் ஒரே நியாயம்தான். ரப்பர் மாட்டினால் என் காலும் நுழையும். ஓடு மாட்டினால் நான் ஆயுசுக்கும் படகோட்டி. ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒருக்க அளவு பாத்து முடுக்கிட்டா அசைக்கக் கூடாதுலே. நூலளவு நகந்தாலும் பலகை வேற ஆள் பலகையாயிரும். மொதல்ல எனக்கு எது ஒத்து வருதுன்னு முடிவாகட்டும், அப்புறம் நீ ஏறு" என்றார்.

அந்த முடிவு ஆகவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஒரு வாரம் ரப்பர், ஒரு வாரம் ஓடு. ரப்பர் வாரத்தில் ஓட்டின் அருமை பேசுவார். ஓடு வாரத்தில் ரப்பரின் பெருமை பேசுவார். டீக்கடையில் இரண்டு கிளாஸைக் கவிழ்த்து வைத்து, இது கால், இது பலகை என்று விளக்குவார். டீ மாஸ்டர், "அண்ணாச்சி, கிளாஸைக் குடுத்தீகன்னா நாலு பேருக்கு டீ குடுப்பேன்" என்று கையேந்தி நிற்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் அக்காவையும் தங்கையையும் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். அதை அவரிடமே சொன்னேன். "ஒனக்கு வாய்தான்லே மொதல் எதிரி" என்று சிரித்தார். சிரிப்பார், முடிவு மட்டும் சொல்ல மாட்டார். அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கரையில் ஈரக்கோடு ஒவ்வொன்றாகக் கீழே போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவரைத் தூக்கித் தண்ணீருக்குள் போடலாம் போல வந்தது.

கடைசியில் அவர் தொழிலை வைத்தே அவரை மடக்கினேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்யும் அறைக்கு எதிரெதிரே கதவு இருக்கும். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது தாழ் போடக் கூடாது, வழியில் ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்குப் போர்மேன் மருந்தைக் காட்டுவதற்கு முன்னால் கதவைத்தான் காட்டுவார்.

"அண்ணாச்சி, மருந்து ரூமுல தாழ் போட்டுக்கிட்டு வேலை பாப்பீகளா?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அப்ப காலுக்கு மட்டும் எதுக்குத் தாழ் போடுதீக? ரப்பர்னா கதவு தெறந்து கெடக்கு. ஓடுன்னா தாழ் போட்ட ரூமு. எம்புட்டு முடுக்கணும்னு நீங்களே தெரியாம முழிக்கீக."

அந்த வீட்டில் பிறந்தவருக்கு அந்தப் பேச்சு எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். "ரப்பர்தாம்லே" என்றார். "முடிஞ்சு போச்சு. நாளைக்கு நீயும் ஏறு."

அன்று நான் தூங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன். விடிந்து கரைக்குப் போய், அவர் சோப்புத் தண்ணீர் தடவி, குதிகாலை ரப்பருக்குள் இறக்கி, பின்பக்கத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். பழைய சைக்கிள் டியூப் கிழிகிற சத்தம் கேட்டது. குதிகால் பக்கம் முழுசாக வாயைப் பிளந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் ரப்பர் முழுக்க வெடிப்பு, கோடைக் கண்மாய் மாதிரி.

எனக்குப் புரியவில்லை. "எங்கன வச்சிருந்தீக இத?" என்று கேட்டேன்.

"எங்கன வைப்பேன்? தெனமும் தண்ணியவிட்டு வந்ததும் மேடையிலதாம்லே போட்டேன். ஈரத்தோடயா வைக்க முடியும்?"

மேடை என்றால் கம்பெனியில் சரக்குக் காயப்போடும் சிமெண்டு மேடை. மழை ஓய்ந்ததும் எங்கள் ஊர் வெயில் அதன் மேல் எப்படி இறங்கும் என்று கேட்க வேண்டாம். பட்டாசுக்காரருக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். எது நனைந்தாலும் அதை மேடையில் பரப்பி வெயிலுக்குக் காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ரப்பரை நிழலில் காயவைக்க வேண்டும் என்று வெளிநாட்டில் அவருக்குச் சொல்லித்தான் இருப்பார்கள். சொன்னது மண்டையில் இருந்தது, கை அப்பா வழியில் போய்விட்டது. கோபத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான். "அண்ணாச்சி, பக்குவமாக் காஞ்சிருச்சு. திரி வச்சா வெடிக்கும்."

பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்து, "இது செத்து நாளாச்சு தம்பி" என்றார். இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் அணையில் ஆடு மேயும். பலகையில் ஓடு ஏறியது. இனிமேல் கேட்பதில் பிரயோசனமில்லை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதுதான் அண்ணாச்சியை உறுத்தியிருக்க வேண்டும்.

சறுக்குவதற்குப் போதுமான தண்ணீர் இருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, கரையில் பலகையை என் முன்னால் போட்டார். "ஓட்டுலயே ஏறுலே."

என் கால் பன்னிரண்டு வயசு வரைக்கும் செருப்பு பார்க்காத கால். முறம் மாதிரி விரிந்திருக்கும். அவர் கால் சின்னதிலிருந்தே சப்பாத்துக்குள் வளர்ந்த வெண்டைக்காய். பாதி போனதும் சுண்டுவிரல் தட்டி நின்றுவிட்டது. சோப்பு போட்டார். தேங்காயெண்ணெய் போட்டார். காலில் பிளாஸ்டிக் பை சுற்றித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டைக் கையால் விரித்துப் பிடித்து, நெற்றி நரம்பு புடைக்கத் தள்ளினார். சம்பளம் கொடுக்கிற வீட்டுப் பிள்ளையின் மடியில் என் சேற்றுக்கால். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பெரிய அண்ணாச்சி பாத்தா ஒங்கள வேலையவிட்டுத் தூக்கிருவாக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி தள்ளினார். சுண்டுவிரல் நகம் கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் விட்டார். "ஒரே ஒரு காலுக்குன்னு வாங்குனதே தப்புலே" என்றார். பிறகு தானே மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் படகை எடுத்தேன். அன்றைக்கு அவர் போன மாதிரி என்றைக்கும் போனதில்லை. என் வண்டிக் கண்ணாடிக்குள் அவர் சாய்வதும் நிமிர்வதும், அவர் பின்னால் தண்ணீர் எழுந்து வெயிலில் உடைவதும் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, கயிற்றை அறுத்துவிடலாம் போலவும் இருந்தது.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கடுத்து அவருக்குக் கல்யாணம். மாமனார் வீட்டு மிளகாய் வத்தல் மண்டியைப் பார்த்துக்கொள்ள விருதுநகருக்குப் போனார். படகும் பலகையும் கம்பெனியின் பழைய குடோனில் தார்ப்பாய்க்குள் படுத்துவிட்டன. ஓடு மட்டும் என் வண்டியோடு வந்து இந்தக் கொட்டகை ஆணியில் ஏறியது. ஆமத்தூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து மண்டிக்குப் பஸ் ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். ஒவ்வொரு மழைக்கும் "தண்ணி வந்திருக்கு அண்ணாச்சி" என்பேன். "பாப்போம்லே" என்பார். அந்தப் "பாப்போம்லே"க்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வருஷம் நல்ல மழை. தளும்புகிற அணையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அந்தக் கட்டைவிரல்தான் என்னை உசுப்பிவிட்டது. பிளம்பர் ஒருவரிடம், பைப் வாயை விரிக்க அனல் காற்று ஊதும் மெஷினை இரவல் வாங்கினேன். கம்பெனிப் பக்கம் அதைக் கொண்டுபோனால் தோலை உரித்துவிடுவார்கள். வீட்டுக் கொட்டகையில் வைத்து ஓட்டின் பக்கவாட்டில் ஊதினேன். பிளாஸ்டிக் இளகியது. ஈரத்துணி சுற்றிக் காலை இறக்கினேன். சுண்டுவிரல் தட்டியது, நெளிந்தது, வழிவிட்டது. குதிகால் அடியில் போய் உட்கார்ந்தது. நின்றேன். ஒற்றைக் காலில் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தேன். கொட்டகைத் தரைதான், ஆனாலும் சாய்ந்தேன்.

பிளாஸ்டிக் ஆறியது. கால் வரவில்லை. சோப்பு, எண்ணெய் எல்லாம் ஆயிற்று. வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, ஓட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"எந்த ஓட்டுக்குள்ள?"

"ஒங்க ஓட்டுக்குள்ளதான்."

மண்டியே அதிரும்படி சிரித்தார். "வெளிய வர வழி பாக்காமயாலே உள்ள போன? எனக்குக் கதவைப் பத்திப் பாடம் எடுத்தவன் நீ!"

"சிரிச்சது போதும். வந்து இழுங்க."

வந்தார். சட்டையெல்லாம் மிளகாய் நெடி. கொட்டகை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்தார். முன்பு உள்ளே தள்ளப் பட்ட பாடு, இப்போது வெளியே இழுக்க. நான் தும்மிக்கொண்டே தூணைப் பிடித்துக்கொண்டேன், அவர் சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். தோல் வழன்று கால் வெளியே வந்தது. அவர் உப்பிய இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை உள்ளே விட்டார். அவர் கால் அதற்குள் மணியின் நாக்கு மாதிரி ஆடியது.

"போச்சா?" என்றேன்.

"எனக்குப் போச்சு. ஒனக்கு வந்துருச்சு" என்றார். எழுந்து வெளியே போய் மேகத்தைப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, படகு இஞ்சின் கிளம்புமா என்றெல்லாம் கேட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை என்று அவர் வாயில் வந்துவிட்டது என்றே நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கணுமேலே. ரப்பர் வாங்கவா, ஓடு வாங்கவா?"

ஓட்டைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். அணையில் ஈரக்கோடு இறங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருக்கிறார்.