யானை கடல் கடந்த வாரம்

தி.நகரில் ஒரு கடையில் புடவைக்கு மேட்சிங்காக ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்களோடு வேலை பார்த்த சரோஜாதான் போனில் சொன்னாள்: "விஜி, நம்ம ஜமீலா காலைல போயிட்டாடி." கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் எங்கள் அலுவலகத்துக்காரர்கள். ஜமீலா வேலையில் கெட்டிக்காரி, பேச்சில் அதைவிட என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஜமீலா, ஓய்வு பெறும் வயதிலும் மதியச் சாப்பாட்டு வேளையில் சிறுவர் கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பவள். நானும் அதே பைத்தியம்தான். வீட்டுக் குழந்தைகளுக்காக வாங்கியதா என்று ஒருமுறை மேலாளர் கேட்டார். "எனக்குத்தான் சார். பசங்களுக்கு இதெல்லாம் புரியறதுக்கு இன்னும் வயசாவணும்" என்றாள்.

காணாமல் போன பாகனைத் தேடிப் புறப்படும் ஒரு யானையின் கதை, நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்ததுபோல எங்கள் இரண்டு வீட்டிலும் வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். மந்தைவெளியில் என் அம்மா யாருக்கும் இரவல் தராதவள். அதனால் என் புத்தகம் முழுசு. திருவல்லிக்கேணியில் ஜமீலாவின் வீட்டிலோ ஓர் இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், அது திரும்பவே இல்லை. அவள் புத்தகத்தில் யானை ஒரு வாரம் கடற்கரையில் நிற்கும். அடுத்த பக்கத்தில் தீவில் நிற்கும்.

நடுவிலிருந்த கடலை ஜமீலாவே கதை கட்டிக் கடக்கவைத்தாள். மீனவர்கள் கட்டுமரங்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள். தன் எடைக்கு அவை மூழ்கிவிடுமோ என்று பயந்த யானை, பாரம் கொஞ்சம் குறையட்டும் என்று ஒரு காலை மட்டும் கடலில் தொங்கவிட்டபடி போகிறது. இதைச் சொல்லும்போது ஜமீலாவும் நாற்காலியிலிருந்து ஒரு காலைத் தொங்கவிட்டு முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்வாள். சுற்றியிருப்பவர்கள் கண்ணில் நீர்வரச் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். உண்மையான அத்தியாயம் என்னிடம் அல்லவா இருந்தது! அதில் ஒரு வியாபாரி யானையைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறான், அவ்வளவுதான். என் மகளுக்கு அதை எத்தனையோ தடவை வாசித்துக் காட்டினேன். அவளோ ஜமீலா ஆன்ட்டியின் கதைதான் வேண்டும் என்பாள். சரி என்று அதைச் சொன்னால், எனக்குக் காலைச் சரியாகத் தொங்கவிடத் தெரியவில்லை என்று குறை வேறு.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் புத்தகத்தை அலுவலகத்துக்கே கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தை விரித்து அவளுடைய டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்றோடு அவள் கொட்டம் அடங்கும் என்று நினைத்தேன். அவள் ஒரு வரிகூடப் படிக்காமல் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் விஜி. இத்த படிச்சுட்டேன்னா என் யானை எங்க போவும்?"

ஜமீலா இறந்த மூன்றாம் நாள் திருவல்லிக்கேணிக்குப் போனேன். ஜமீலா தூக்கி வளர்த்த அக்கா மகள் ரேஷ்மா, தன் குழந்தைகளுக்காக அந்தப் பழைய பைண்டை நகலெடுத்து வைக்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தாள். விடுபட்ட வாரத்தின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். துக்க வீட்டிலும் எனக்கு அந்த ஆசை விடவில்லை: ஒரு தடவையாவது என் அத்தியாயம் அவள் புத்தகத்துக்குள் போகட்டும். ரேஷ்மா நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் பக்கங்களை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. இது எங்க கதை இல்ல."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் உங்கள் கதையைச் சொல் என்று கேட்டேன். சொன்னாள். கட்டுமரங்கள், பயந்த யானை, தொங்கிய கால் எல்லாம் வந்தன. பிறகு, கரையேறிய யானை ஈரமான அந்த ஒரு காலை மட்டும் வெயிலில் நீட்டி, காயும்வரை மணலில் உட்கார்ந்திருந்ததாம்.

ஜமீலாவிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்த யானையைத்தான். ஆனால் இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கால் காயவைத்ததை மட்டும் அவள் எனக்குச் சொன்னதே இல்லை.