கருப்பட்டி பேக்கனும் நானும்

விருந்தாளிக்குக் காலைச் சாப்பாடு போடுகிற தொழிலில் பெரிய தொந்தரவு, அவர்கள் நம் கண் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடுவதுதான். மனைவி போனபிறகு சமைக்கப் பழகிய சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வட்டக்கோட்டைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். மனைவி எஸ்தர் கண்மூடியபிறகு, விடுகிறேன். கேக் சுடுகிற ஓவனில் அவள் செய்த கருப்பட்டி பேக்கனுக்காகவே திரும்பி வந்தவர்கள் உண்டு. உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி, நாடா நாடாவாக வரும். மேலே கருப்பட்டிப் பாகு பூசிச் சுட வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மகள் பெங்களூரிலிருந்து போனில் கெடு வைத்தாள்: "கிறிஸ்மஸுக்கு வாறேன். அதுக்குள்ள ஒழுங்கா சமைக்கப் படிக்கணும். இல்லேன்னா ரூமப் பூட்டிட்டு எங்கூட வந்திரணும்." அவள் வீடு பதினோராவது மாடியில். எனக்கு ஏழு மாதம் இருந்தது.

முதல் கடி

கருப்பட்டியைத் தட்டிப் பொடித்து அப்படியே இறைச்சிமேல் தூவினேன். காப்பிக்கு எஸ்தர் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டுவதை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். எதற்கு வடிகட்டுகிறாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மதுரைக்காரர் ஒருவர் முதல் துண்டைக் கடித்தார். கரக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. சிறு கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, கோபப்படாமல் சொன்னார்: "நான் பல் டாக்டர் சார். என் கிளினிக் பக்கத்துல நீங்க ஒரு கடை போடலாமே."

துவளும் துண்டு

ஓவனிலிருந்து எடுத்ததும் பேக்கன் துவண்டுதான் கிடக்கும், ஆறும்போது முறுகும். இது தெரிய எனக்கு மூன்று கிலோ ஆயிற்று. வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளுவேன். எடுத்தால் துவளும். மறுபடி தள்ளுவேன். பாகு வடிந்து கருகி, புகை மாடிப்படி ஏறியது.

அறை பெருக்க வரும் தங்கம் துடைப்பத்தோடு ஓடிவந்து தட்டை எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இத மேல குடுக்கப் போறியளா, இல்ல நான் பாத்திரம் தேய்க்க எடுத்துக்கிடட்டா?"

செய்தித்தாள்

வடையோ பஜ்ஜியோ, எடுத்ததும் செய்தித்தாளில் போடுவதுதானே நம் வழக்கம்? பேக்கனிலும் கொழுப்பு மினுங்கியது. தாளை விரித்துப் பரப்பினேன். பாகு ஆற ஆற, பேக்கனும் பத்திரிகையும் ஒன்றாகிவிட்டன. உரித்தேன். முன்பக்கம் பளபளவென்று இருந்ததால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கொண்டுபோய் வைத்தேன்.

திருச்சியிலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த பெண், துண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். "அங்கிள், எனக்குக் 'கண்ணீர் அஞ்சலி' வந்திருக்கு. இவருக்கு என்னன்னு பாருங்க."

கிறிஸ்மஸ்

மகள் வந்து மேசையில் உட்கார்ந்தாள். அன்று விருந்தாளிகள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எனக்கு நீதிபதி அவள் ஒருத்திதான். கருப்பட்டியைக் கரைத்து இரண்டு தடவை வடிகட்டினேன். பாதி வெந்தபிறகே பாகைப் பூசினேன். எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிட்டேன். நல்லமிளகுப் பொடி கொஞ்சம் அதிகம் விழுந்துவிட்டது. துடைக்க முடியுமா? விட்டுவிட்டேன்.

ஒரு துண்டு தின்றாள். இரண்டு. நான் திரும்பி நின்று, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். தட்டு காலியானபிறகு சொன்னாள்: "அம்மைக்க பேக்கன் இது இல்ல. இவ்வளவு எரிப்பு அவ போடமாட்டா. ஆனா இது உங்களுக்க பேக்கன். ரூமப் பூட்டாண்டாம், நாலு துண்டு பொதிஞ்சு தாங்கப்பா."

முப்பது வருடம் தண்ணீர் குடிக்க மட்டும் சமையலறைக்குள் போய்வந்த ஒருவன், ஏழு மாதத் தகுதிகாண் பருவத்தை முடித்துத் தன் சொந்த வீட்டிலேயே பணி நிரந்தரம் பெற்ற வரலாறு இவ்வளவுதான்.