கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை

பன்னீர்செல்வம் மனைவியின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். நான் காட்டிக்கொடுத்த பயிற்சிதான். கட்டைவிரல் வரும்போது மட்டும் தினமும் ஒரே தப்பு.

“நட்டு முடுக்குற மாதிரி முடுக்காதீங்க. அது எலும்பு” என்றேன்.

“ஸ்பேனர் புடிச்ச கை சிஸ்டர். வேற மாதிரி திரும்ப மாட்டேங்குது.”

நீலாவதி இடது கையால் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்போது அவளால் சொல்ல முடிந்த பதில் அதுதான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, படுத்துவிட்டவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் போர்ட் பிளேரின் லம்பா லைனில் அவர்கள் வீட்டுக்கு தினமும் காலையில் போனேன். நீலாவதிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கால் திரும்பிவிட்டது, பிடித்துக்கொண்டு நடந்தாள். கை பாதி திரும்பியிருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். தான் சொல்ல நினைப்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் “தா… தா…” மட்டும்தான். அந்தக் கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை வீசியிருக்கிறாள்.

சிகிச்சைக்குச் சென்னை போயிருந்தபோது அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த சுசீலா, அவர்கள் ஊர் திரும்பும் முன் ஒரு வழி சொல்லியிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் ஒரு பாடம் உண்டு. திரையில் படம் வரும், அதன் பெயரின் முதல் எழுத்து ஒலிக்கும். நோயாளி மைக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும். சொன்னதைப் பதிந்து, சரியான உச்சரிப்போடு சேர்த்துத் திருப்பிக் காட்டும். பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் சின்ன நிரல் அது. பிரவுசரோடு ஒரு துணை மென்பொருளையும் போட்டால்தான் ஓடும்.

“முதல் ஆறு மாசம்தான் முக்கியம். தினமும் ரெண்டு வேளை செய்யணும். விட்டுட்டா அப்புறம் வார்த்தை திரும்பறது ரொம்பக் கஷ்டம்” என்று அவள் சொன்னதைப் புருஷனும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள். போர்ட் பிளேரில் அந்தப் பயிற்சி கொடுக்க எனக்குத் தெரிந்து அப்போது யாரும் இல்லை. எனக்குக் கை காலுக்குப் பயிற்சி தெரியும். நாக்குக்குத் தெரியாது.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. மகள் கல்யாணமாகி மெயின்லேண்டுக்குப் போகும் முன் வாங்கியது. பன்னீர்செல்வம் அந்தப் பக்கத்தைத் திறந்தார். படம் வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டிதான் வந்தது.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூர்ப் பக்கத்துக்காரர். அறுபதுகளின் கடைசியில், இங்கே காண்டிராக்டரிடம் வேலை பார்த்த மாமாவை நம்பிக் கப்பலேறினார். வழியெல்லாம் வாந்தி. இறங்கியதும், இனிமேல் கப்பலே ஏறுவதில்லை என்றாராம். திரும்பிப் போகப் பயந்துதான் இந்தத் தீவில் குடியேறினார் என்று நீலாவதி எல்லோரிடமும் சொல்வாள்.

மின்சார இலாகாவில் கலாசி என்கிற உதவியாள் வேலை கிடைத்தது. முதலில் போட்ட இடம் பெரார்கஞ்ச் பக்கம். வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் காட்டை வெட்டி நெல் போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் இருந்த இடத்தில் இருட்டும் நேரத்துக்கு டீசல் ஜெனரேட்டரை ஓட்டி, ஊர் அடங்கியதும் நிறுத்த வேண்டும். ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கரண்ட் ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியில்தான் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த ரேடியோ கருகியது. அன்றைக்கு இயந்திரத்தை மாற்றியதும் அவரேதான்.

“எல்லார் ஊட்டுலயும் ரேடியோ கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு மட்டும் ரேடியோவச் சுட்டுப் பார்த்தாரு” என்பாள் நீலாவதி.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். எதை உபயோகித்தாலும், முடிந்ததும் சுவிட்சை அணைப்பதோடு விடமாட்டார், பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுவார். ஃபிரிட்ஜைத் தவிர அந்த வீட்டில் எதுவும் சுவரில் மாட்டியபடி இருக்காது. அவரோடு பவர் ஹவுசில் இருந்த வேறு சிலர் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான்.

இயந்திரச் சத்தத்தில் அவர் காது மந்தமாகிவிட்டது. நீலாவதியோ குழாயடியில் வங்காளப் பெண்களோடும் தெலுங்குப் பெண்களோடும் சண்டை போட்டே நன்றாக ஹிந்தி கற்றவள். கடைக்காரர் சொல்வதை அவள் கேட்டு, உரக்க அவருக்குச் சொல்வாள். அவர் சொல்லும் பதிலை அவளே கொஞ்சம் காரம் சேர்த்து ஹிந்தியில் திருப்பிக் கொடுப்பாள். அவள் பேச்சு நின்றபோது அந்த வீட்டில் இரண்டு பேருக்கு வாய் அடைத்துப்போனது.

சாம்பல் பெட்டியைப் பார்த்ததும் அவர் கம்ப்யூட்டரின் பெரிய பெட்டியைக் கழற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு புரோத்ராபூருக்குப் போனார். அங்கே அல்போன்ஸ் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். தூத்துக்குடி மீன்பிடிக் குடும்பம். கடல் வேண்டாம் என்று கரையில் தொழில் தேடிக்கொண்டவர். தேவையான துணை மென்பொருளை அவர் ஒரு பென் டிரைவிலிருந்து போட்டுக்கொடுத்தார்.

“நம்ம நெட்டுல இறக்குனா, கப்பல்ல சொல்லி அனுப்புனதே முன்னால வந்து சேர்ந்துரும்ணே” என்றார்.

கடையிலேயே பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். குடை படம் வந்தது. ‘கு’ என்று ஒரு பெண்குரல் சொன்னது. பன்னீர்செல்வம் சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் மாட்டினார். மறுபடியும் சாம்பல். கூடவே ஆங்கிலத்தில் ஒரு செய்தி: நிரலை நம்பலாம் என்பதற்கான சான்றிதழ் காலாவதி, அதனால் நிரலைத் தடுத்துவிட்டோம் என்கிற மாதிரி.

அடுத்த நாளே திரும்பப் போனார். “சாச்சா, ஃபிர் வோஹி டப்பா?” என்று, மறுபடியும் அதே பெட்டியா எனச் சிரித்தார் ஆட்டோக்காரர். கடையில் அல்போன்ஸும் அதையே கேட்டார்.

“என்னண்ணே, மறுபடியும் தூக்கிட்டு வந்துட்டிய?”

“ஓட மாட்டேங்குதுப்பா.”

அல்போன்ஸ் வயர்களை மாட்டினார், கீபோர்டில் ஏதோ இரண்டு தட்டுத் தட்டினார். குடை வந்தது.

“ஓடுதேண்ணே.”

“இங்க ஓடுது. ஊட்டுல ஓடல.”

“அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. உங்க வீட்டு கரண்டப் பாருங்க.”

“என்னாண்டயே கரண்டப் பத்திப் பேசுறியா?”

சொன்னாரே தவிர, சந்தேகம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் கம்பி இறக்கினார். பெட்டி சாம்பலாகவே இருந்தது. இன்னொரு முறை கடைக்கு எடுத்துப் போனார். அங்கே சமத்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டது.

சென்னைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். சான்றிதழ் காலாவதியாம் என்று சுசீலாவிடம் சொன்னேன்.

“இல்லையே. போன வருஷம்தான் புதுசா வாங்கிப் போட்டோம். மத்த எல்லாருக்கும் ஓடுதே” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். “நாள் போய்ட்டே இருக்கு. அங்க முடியலைன்னா அவங்கள இங்க கூட்டிட்டு வந்து ரெண்டு மாசம் தங்க வையுங்க.”

நீலாவதிக்கு அது கேட்டது. தலையை வேகமாக ஆட்டினாள், வேண்டாம் என்று. போன பயணத்திலேயே அவள் பாதியாகிவிட்டிருந்தாள். திரும்பவும் அவ்வளவு தூரம் அலைய அவள் உடம்பு தாங்காது என்றுதான் நானும் நினைத்தேன். அவளை இங்கேயே வைத்துக்கொண்டால் பாடம் இல்லை. பாடம் இல்லாவிட்டால் அந்த ‘தா’வோடு நின்றுவிடுவாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அவளைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். எதற்கும் இன்னொரு முறை பார்க்கலாம் என்று அவர் பிளக்கைச் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டார். சாம்பல் பெட்டி வந்தது. அவர் அணைக்கப் போனபோது நீலாவதி அவர் கையைத் தட்டிவிட்டு, திரையின் கீழ் மூலையைக் காட்டினாள்.

“தா… தா…”

“தண்ணியா?” என்றார். இல்லை.

“மாத்திரையா? இன்னும் நேரம் ஆகலையே” என்றேன். இல்லை.

“பாத்ரூமுக்கா?”

அவள் என்னை முறைத்த முறைப்பில், அதுவும் இல்லை என்று தெரிந்தது. எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, காலையில் தானே தாள் கிழித்த தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள். காலண்டரை ஒரு குத்து, திரை மூலையை ஒரு குத்து.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “மணி பன்னெண்டுன்னு காட்டுது. ராத்திரி பன்னெண்டு.” மவுஸை நகர்த்தி அந்த மூலைமேல் வைத்தார். தேதி தெரிந்தது. “2002, ஜனவரி. அரே, இது எங்கயோ நின்னுபோச்சு.”

“கடிகாரம் தப்பா இருந்தா பாடத்துக்கு என்ன?” என்றேன்.

நீலாவதிக்கு அதெல்லாம் தெரியாது. வெளியே வெயில் அடிக்க, உள்ளே நடுராத்திரி என்று காட்டுவது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். தேதி கிழிக்காத காலண்டரைக்கூடப் பார்க்கச் சகிக்காதவள்.

நான் அந்த ஆங்கிலச் செய்தியை மறுபடியும் முழுதாகப் படித்தேன். காலாவதியான, அல்லது இன்னும் செல்லத் தொடங்காத சான்றிதழ் என்று இருந்தது. இத்தனை நாளும் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டோம். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி பார்த்தே பழகியவள் நான். இன்னும் தொடங்காத மருந்து என்று ஒன்றைப் பார்த்ததில்லை.

வாய்விட்டுப் படித்ததும் அவர் நிமிர்ந்தார்.

“அந்தப் பொண்ணு போன வருஷம்தான வாங்குனேன்னு சொல்லுச்சு? இதுக்கு இன்னும் 2002. இதப் பொறுத்தவரைக்கும் அந்தச் சான்றிதழ் பொறக்கவே இல்ல சிஸ்டர்.”

காலண்டரைப் பார்த்துத் தேதியை மாற்றினார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை மாற்றினார். பிரவுசரை மூடித் திறந்தார். ஓட்டட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது, ஓட்டு என்று அழுத்தினார். குடை வந்தது. ‘கு’ என்றது குரல்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

நீலாவதி மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைக் குவித்தாள். காற்று வந்தது. ‘தா’ வந்தது. தலையை உலுக்கிவிட்டுத் திரும்பக் குவித்தாள்.

“கு.”

“என்ன சொன்னா?” என்று என்னைக் கேட்டார் காது கேட்காதவர்.

“கு.”

“வெறும் கு-வா?”

“நேத்து வரைக்கும் தா மட்டும்தான் இருந்துது. இன்னிக்கு ரெண்டாயிருக்கு. பேசாம இருங்க” என்றேன்.

பன்னீர்செல்வம் அல்போன்ஸுக்குப் போன் போட்டார். உரக்கப் பேசுவார், போனையும் உரக்கக் கேட்கும்படி வைத்திருப்பார்; எனக்கும் எல்லாம் கேட்டது.

“உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்ணே. கரண்ட் இல்லாதப்ப தேதிய அதுதான் புடிச்சு வச்சிருக்கும். செத்துருக்கும்.”

“ஏம்பா, முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“இந்த உப்புக்காத்துல எந்த மெஷின்ல அது உசிரோட இருக்கு? எந்தப் பெட்டி வந்தாலும் தேதிய மாத்திட்டுத்தான் நான் கையையே வைப்பேன். உங்களுதுக்கும் மூணு தடவையும் மாத்துனேன். சுவத்துல மாட்டியே இருந்தா தேதி நிக்கும். எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காவ. வயரக் கழட்டுனா போயிரும். தெனமும் புடுங்குற ஆளு நீங்க ஒருத்தருதான்ணே.”

“நான் மட்டும் இல்ல. பவர் ஹவுஸ்காரன் பூரா புடுங்குவான்.”

“அப்ப உங்க ஆளுவ எல்லாருக்கும் ஒரு பேட்டரி வாங்கி வைக்கேன்.”

மறுநாள் காலை நான் போனபோது வாசலில் அல்போன்ஸின் ஸ்கூட்டர் நின்றது. பேட்டரியும் ஸ்குரூ டிரைவருமாக வந்து, கையில் டீ டம்ளரோடு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே விடவில்லையாம்.

“பாடம் நடக்குதாம் சிஸ்டர். முடிஞ்சப்புறம்தான் பெட்டியத் தொறக்கணுமாம்.”

உள்ளே போனேன். ஜன்னல் வெயில் திரையில் விழுந்து படம் தெரியவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது கைக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தேன். பன்னீர்செல்வம் தேதியை மாற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குளியலைப் பாடத்துக்குப் பிறகு என்று தள்ளிவைத்தேன். நீலாவதி ஏழெட்டுப் படங்கள் பார்த்தாள். இரண்டில் முதல் எழுத்து வந்தது, ஒன்றில் ஆத்திரம் வந்தது. போதும் என்று அவளே மைக்கைக் கீழே வைத்த பிறகு, அல்போன்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பேட்டரியை மாற்றினார்.