காலையில நடந்து போனவன்

நெஞ்சுவலியாம். ஈரத் துணி ஏற்றிய வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போகிற மனிதர், போலீஸ் ஸ்டேஷனுக்குள் போன ஒரே பகலில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனாராம். சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்காகப் பேசிய அந்தச் சங்கத்து அண்ணனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அந்த அண்ணனோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா, அவருக்காக ஒரு பாட்டுக் கட்டினார். "காலையில நடந்து போனவன" என்று சிலர் எடுத்துக் கொடுக்க, "சாயங்காலம் சுமந்து தந்தீக" என்று மற்றவர்கள் முடிக்க வேண்டும்.

ஊர்வலத்துக்குச் சட்டையில் குத்திக்கொள்ளக் கறுப்புத் துணி வேண்டுமே. பனியன் கம்பெனி வேஸ்ட் துணியெல்லாம் வெள்ளை. சித்தப்பா அதைப் பட்டறையில் கறுப்புச் சாயத்தில் முக்கி, அவசரத்தில் சோப்புப் போட்டு அலசாமலே கொண்டுவந்துவிட்டார். தொழில் தெரிந்த ஆள் செய்கிற காரியமா அது? ஊர்வல வியர்வையில் சாயம் இறங்கி, கூடவே போன என்னையும் சேர்த்து எல்லார் சட்டையிலும் நெஞ்சுக்கு நேரே கறை.

மறுநாள் காலையில் போலீஸ் லைன் வீடுகளின் துணிக்கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. பெரியவர்கள் தங்கள் சட்டைகளை ஒளித்துவிட்டார்கள். என் பள்ளிக்கூடச் சட்டையை மறந்துவிட்டார்கள்.

"ஏங்கண்ணு, இந்தக் கறுப்பு யாருங்க குத்திவுட்டாங்க?" என்று கேட்டார் கொடியருகே நின்ற போலீஸ்காரர்.

என்ன மரியாதை! என்னை யாரும் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. "எங்க சித்தப்பா" என்று பெருமையாகச் சொன்னேன்.

சித்தப்பாவை அதே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுப் பெண்களோடு ஸ்டேஷனுக்கு எதிரே போய் நின்றாள். எல்லாரும் முதல் வரியைப் பாடினார்கள். உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல் அடுத்த வரியைப் பாடியது. திரும்பத் திரும்ப அதே இரண்டு வரிதான்.

"போங்கம்மா, வெயிலேறுது" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"தம்பி பாடுது. கேட்டுட்டுத்தான் போவோம்" என்றாள் அம்மா.

மதியத்துக்கு மேல் சித்தப்பாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருமுறை பதிலே இல்லை. மறுபடி பாடினார்கள். அப்போதும் இல்லை.

"சித்தப்பா பாட்ட மறந்துட்டாகம்மா" என்று சிரித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். மூன்றாம் முறை, வார்த்தையே இல்லாமல் இழுத்து இழுத்து ஒரு முனகல் உள்ளேயிருந்து வந்தது.

அத்தனை மோசமாகப் பாடியதற்கு அம்மா எதற்கு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.