தேனிக்குப் போய் வந்த வெள்ளிப் பென்னி

பிள்ளைகளே, போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மார்க்கையன்கோட்டையில் பஸ் ஏறினேன். சட்டைப் பையில் ஒரு காசு. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் தங்கை, என் மகள் கயலுக்கு வாங்கி அனுப்பிய வெள்ளிப் பென்னி. வயது ஏறத்தாழ எழுநூறு.

அந்தக் காலத்தில் அங்கே காசு அடிக்க மெஷின் கிடையாது. வெள்ளித் தகட்டை வெட்டி, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு வைத்து, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. ஒரு பக்கம் ராசா முகம், மறுபக்கம் சிலுவை. அடி விலகினால் ராசாவின் கிரீடம் பாதி வெளியே போய்விடும். சரியான வட்டமாக எதுவும் இருக்காது, வருஷமும் போட மாட்டார்கள்.

இது தெரியாமல் கயலின் பள்ளியில் டீச்சர், "வட்டமா இல்ல, வருஷமும் போடல. இது தகரம். பொய் சொல்லாத" என்று வகுப்பின் முன்னால் சொல்லி, பள்ளிக் கண்காட்சியில் வைக்கக் கூடாது என்று காசைத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்து வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி என்பதா? வெள்ளிதான் என்று காட்ட, தேனி நகைக்கடையில் உரசிப் பார்த்துவிடக் கிளம்பினேன்.

சின்னமனூரில் பஸ் மாறினேன். அங்கிருந்து தேனி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பக்கத்துச் சீட்டில் ஒரு திராட்சை வியாபாரி.

"என்னாண்ணே, நெஞ்சுலயே கைய வச்சிருக்கீக? வலிக்குதா?"

"இல்லப்பா, காசு இருக்கு. இங்கிலாந்துக் காசு."

"டிக்கெட்டுக்குச் செல்லுமா?"

"செல்லாது."

"செல்லாத காசுக்கா இம்புட்டுக் காவல்!" வீரபாண்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

பத்து மணிக்கு பஜாரில் கடை திறந்தது. கடைக்காரர் காசின் ஓரத்தை உரைகல்லில் லேசாக உரசி, ஒரு சொட்டுத் திராவகம் விட்டுப் பார்த்தார். "நல்ல வெள்ளிண்ணே!"

காசைக் கடையில் விட்டுவிட்டு, கயலுக்குப் போன் பண்ணத் தெருவுக்கு வந்தேன். பேசிவிட்டு உள்ளே போனால், ராசாவின் கிரீடத்துக்கு நடுவே ஓட்டை! கடையில் நகை வேலை செய்யும் ஆசாரி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரைய்யா கேட்டுப் போட்டீக?"

"ஒத்தை வெள்ளிக்காசோட வாரவுக எல்லாம் பிள்ளைக்கு அரைஞாண்ல கோக்கத்தானண்ணே வாராக? கோவப்படாதீக. இங்கன குடுங்க, புது வெள்ளி வச்சு அடைச்சுத் தாரேன்."

"அடைச்சாத்தான்யா அது பொய்க்காசு!"

எழுநூறு வருடம் தாங்கிய ராசா, தேனி பஜாரில் பத்து நிமிடம் தாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. கடையில் கேட்காமல் ஓட்டை போட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் கேட்காமல் பொய் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் வாய் வரவில்லையே!

வீட்டில் கயல் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. "ஓட்டை விழுந்தும் வெள்ளிதானாப்பா?"

"வெள்ளிதான், ஆத்தா."

திங்கட்கிழமை பள்ளிக்கு நானும் கூடப் போனேன். டீச்சர் காசை வாங்கிப் பார்த்து, "இப்ப ஓட்டை வேறயா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கயல் அதை வாங்கி கண்காட்சி மேஜை நடுவில் வைத்தாள்.

"ஓட்டை மட்டும் தேனியில போட்டது டீச்சர். மத்ததெல்லாம் இங்கிலாந்து."