மடியில் மருமகள், பையில் மாத்திரை

போன வருடம் தை மாதம், காப்பிப் பழப் பறிப்பு முடியப்போகிற சமயத்தில், ஏற்காட்டுக்கு மேலே எங்கள் நாகலூர்ப் பக்கம் நடந்த சங்கதி இது. இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிக்க முடியவில்லை. சிரித்தால் அடிவயிறு வலித்தது.

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது, பகலெல்லாம் அவர்கள் பின்னாலேயே சுற்றுவது, சாயங்காலம் பழத்தை எடை போடுவது, இவைதான் என் உத்தியோகம். அதைவிட முழுநேர உத்தியோகம் ஒன்று உண்டு, வாயடிப்பது. யாரையும் கேலி பண்ணாமல் ஒரு சரிவைக்கூட நான் தாண்டியதில்லை.

பறிப்புக் காலத்தில் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. ரோட்டில் நின்று பார்க்கிறவர்களுக்கு, ஒதுங்குவதற்கு இதைவிட நல்ல மறைவு உலகத்திலேயே கிடையாது என்று தோன்றும். உள்ளே நுழைந்தால்தான் தெரியும், ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் கூடையும் கையுமாக ஓர் அக்கா நிற்பார். நான் மெல்ல ஒரு புதருக்குப் பின்னால் போவேன். "என்னங் ரைட்டரே, எதத் தேடறீங்?" என்று குரல் வரும். "பழம் கிழம் சிந்தியிருக்கான்னு பாத்தேனுங்க" என்று தரையை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஓர் அருமையான வழியைக் கண்டுபிடித்தேன். காலையில் இருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மலைக் குளிரில் தாகமும் எடுக்காது. மூன்று மாதம் இப்படி ஓட்டினேன். எனக்கு நானே மெடல் குத்திக்கொள்ளாத குறைதான்.

மெடல் வேறு இடத்தில் குத்தியது. ஒரு நாள் காலையில் சிறுநீர் கழிக்கப் போனவன், சுவரைப் பிடித்துக்கொண்டு முருகனில் ஆரம்பித்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நெருப்புத் துண்டு ஒன்று உள்ளே இருந்து இறங்குவது மாதிரி எரிச்சல். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகச் சொல்லும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டுக்கும் நாலு சாமி. அடிவயிற்றில் யாரோ கயிறு போட்டு முறுக்குவது போல வலி.

"சூடுங்க. சீசன் நேரத்துல எல்லாத்துக்கும் வர்றதுதான்" என்றார் எங்கள் எஸ்டேட் டிரைவர். வெந்தயம் விழுங்கினேன். இளநீர் குடித்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டேன். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினேன். கால் மட்டும் வெள்ளையாக, மூஞ்சி கறுத்துப்போய் நான் நடந்ததைப் பார்த்து, பழம் பறிக்கிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வலி மட்டும் சிரிக்காமல் அங்கேயே இருந்தது.

சரி, வலிதானே, போகட்டும் என்று விட்டிருப்பேன். விட முடியாத காரணம் ஒன்று இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சி மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது மாரமங்கலம் பக்கம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை அடிப்பது, காது குத்துவது எல்லாம். அவளுக்குக் கூடப்பிறந்தவன் என்று இருப்பது நான் ஒருவன். பறிப்பு நெருக்கடி குறைந்து அண்ணனுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்றே அவள் நாளைத் தள்ளி வைத்திருந்தாள்.

அவளுடைய மாமியாருக்கு என் மேல் நம்பிக்கை கிடையாது. தங்கச்சி கல்யாணத்தன்று நான் மணமேடையில் நிற்காமல் சமையல் பக்கம் போய் வம்பளந்துகொண்டிருந்ததை அந்த அம்மா மறக்கவில்லை. அதனால் போனில் கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

"ஏனுங் மாப்ள, ஒரு எடத்துல குந்திக் கெடப்பீங்களா? உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. உங்க சித்தப்பா பையனக் குந்த வெச்சுக்கறோம்."

"குந்தறதுல என்னைய அடிச்சுக்க இந்த மலைல ஆளே இல்லீங்க அத்தை" என்றேன். சொல்லி முடித்த கையோடு போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

ஓடினவனை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும், "மடியில புள்ளைய வெச்சுக்கிட்டு இப்படித்தான் ஓடுவீங்களா? சவரக்கத்தி புள்ள தலைமேல இருக்கும்" என்றாள். நான் நெளிந்தால் கத்தி குழந்தையின் தலையைக் கீறும். எழுந்து ஓடினால் தங்கச்சி அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது. சொந்த அண்ணன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியில் குழந்தையை வைத்தால் ஊர் என்னென்ன பேசும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் என்னை பஸ் ஏற்றி ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் ஒவ்வொரு முறை தூக்கிப் போட்டபோதும் நான் பட்ட பாடு தனிக்கதை. ஆஸ்பத்திரியில் இருந்தது இளம் டாக்டரம்மா. எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. "என்ன செய்யுது?" என்று கேட்டார். "லேசா வயித்து வலிங்க" என்றேன். "எங்கே?" என்று கேட்டார். "பொதுவாங்க" என்றேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "ஒண்ணுக்குப் போனா எரியுதாமுங்க டாக்டரம்மா, ஊட்டுல போட்ட கூச்சலு அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்டுது" என்று ஒரே மூச்சில் போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. காய்ச்சல் உண்டா, முதுகு வலிக்கிறதா, இதற்கு முன்னால் வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார், சர்க்கரையும் பார்த்தார். ரிசல்ட் வந்ததும் கிருமித் தொற்று என்று சொல்லி, இரண்டு விதமான மாத்திரை எழுதினார். "இது கிருமியைக் கொல்றதுக்கு. வலி போயிடுச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது, முழுசா முடிக்கணும். இது எரிச்சலை அடக்குறதுக்கு மட்டும், ரெண்டு நாள் போதும். தண்ணி நிறையக் குடிங்க, அடக்கி வைக்காதீங்க." அதற்கு மேலும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆள் ஒருத்தர் குரல் கேட்டது. அவர் காதில் இதெல்லாம் விழுந்திருக்குமோ என்ற கவலையில், நான் சுவரில் ஓடிய பல்லியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எரிச்சல் மாத்திரை ஆஸ்பத்திரியில் இல்லை. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் ஒரு மெடிக்கலில் வாங்கினோம். அங்கேயே மெதுவடை ஒன்றைத் தின்றுவிட்டு முதல் மாத்திரையைப் போட்டேன். சாயங்காலம் நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், வலி! ஒரு வாரமாக என்னோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்த எரிச்சல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன மாத்திரைக்குள் இவ்வளவு பெரிய நிம்மதியை எப்படித்தான் அடைத்தார்களோ என்று ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் எழுந்து போனேன். போட்ட கூச்சலில் மனைவி ஓடி வந்தாள்.

"ரத்தம்! ரத்தமாப் போகுது! நான் போய்ச் சேந்துட்டா தங்கச்சிய நீதான் பாத்துக்கோணும்!"

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங்க, அது மாத்திரைக் கலருங்க. ஆரஞ்சாப் போகும், பயப்படாதீங்க, துணியில பட்டா கறை புடிக்கும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. நீங்க பல்லி பாத்துட்டு இருந்தீங்க."

உண்மைதான். நல்ல கமலா ஆரஞ்சு நிறம். வலி இல்லாததால், பயம் போனதும் அதை ரசிக்கவும் முடிந்தது. வலிதான் இல்லையே, இன்னொரு மாத்திரை எதற்கு என்று நான் கிருமி மாத்திரையை நைசாகத் தலையணைக்கு அடியில் தள்ளியதையும், அவள் அதை எடுத்து என் வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றியதையும் விரிவாக எழுதினால் எனக்கு மரியாதை இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலத்துக் கோயில். புது வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சீர்த்தட்டோடு நான். தண்ணீர் குடிக்கலாமா வேண்டாமா என்று பெரிய போராட்டம் மனதுக்குள். குடித்தேன். கடைசி நிமிஷத்தில் கோயிலுக்குப் பின்னால் போய்விட்டும் வந்தேன். பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் வாங்கினேன். ஒன்றரை வயசு. குழந்தை என்பது பேருக்குத்தான், பிடித்துப் பார்த்தால் புலிக்குட்டி. மேளம் கொட்டியது. முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீரைத் தெளித்ததும் வீல் என்று கத்திக்கொண்டு இரண்டு குதிகாலாலும் உதைத்தாள். எங்கே? சரியாக, அளவெடுத்த மாதிரி, என் தொப்புளுக்குக் கீழே நாலு விரற்கடையில்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு உதை. அதற்கும் வரவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து ஆடியிருப்பேன், ஆடக்கூடாது என்பதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்! "ஒதைடி சாமி, நல்லா ஒதை" என்று அவள் காதில் சொன்னேன். இரண்டு கையாலும் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். கத்தி பாதி மண்டையைக் கடந்தது.

அப்போதுதான் மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

அவளா, நானா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரு வாரமாக என் பேச்சைக் கேட்காத உறுப்பு, அதை எப்படிச் சந்தேகப்படாமல் இருப்பது? தங்கச்சியின் மாமியார் குனிந்து பார்த்தார். வேட்டி நனைந்திருந்தது.

"என்னங் மாப்ள இது! குந்தச் சொன்னா இப்படியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கச்சி முகம் சுருங்கிப்போனது. மேளக்காரர்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார். நான் மருமகளின் தலையை மட்டும் விடாமல் பிடித்திருந்தேன். மேளம் நின்ற அந்த இடைவெளியில் பெண்கள் வரிசையில் இருந்து என் மனைவியின் குரல் வந்தது, கோயில் மணி மாதிரி.

"அத்தை, அது அவரோடது இல்லீங்க! வேட்டியப் பாருங்க, வெள்ளையாத்தான இருக்குது? அவரோடதா இருந்தா ஆரஞ்சுக் கலர்ல இருக்கும்!"

நான் வேட்டியைப் பார்த்தேன். ஈரம் மட்டும்தான். நிறமே இல்லை. கோர்ட்டில் விடுதலையானவன் மாதிரி தலையை நிமிர்த்தினேன். "அதென்னங் ஆரஞ்சு?" என்று யாரோ கேட்டார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கத்தி மண்டையைச் சுற்றி வந்துகொண்டிருக்க, அசையாமல் உட்கார்ந்தபடி, எரிச்சலில் இருந்து மாத்திரை வரைக்கும் முழுக்கதையையும் நானே சத்தமாகச் சொன்னேன். சிரித்துச் சிரித்து எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக் குழந்தையும் அழுகையை நிறுத்தியது. ஒரு கீறல் இல்லாமல் மொட்டை முடிந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தித் தோட்டைப் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் அந்த ஈர வேட்டியோடு மலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வந்து குழந்தையை வாங்கும்போது, "இவரு என்ற அண்ணன்" என்று மாமியார் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். எனக்கு அது போதும்.

பந்தியில்தான் உண்மையான வேடிக்கை ஆரம்பித்தது. ரசம் ஊற்றிய பெரியவர் குனிந்து, "அந்த மாத்திரை மிச்சம் இருக்குதுங்களா?" என்றார். பக்கத்து இலைக்காரர் தன் மனைவிக்கு என்று கேட்டார். இவ்வளவு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மாத்திரையைக் கண்ணில் காட்டவில்லை. "இது எரிச்சலத்தான் அடக்குமுங்க, உள்ள என்ன கோளாறுன்னு டாக்டரம்மாதான் பாக்கோணும்" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கை கழுவுகிற இடத்தில் மாமியார் நின்றிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "எனக்கும் நொம்ப நாளாக் கடுக்குதுங் மாப்ள. பழம் பறிக்கப் போற எடத்துல எங்க போறது? தண்ணியே குடிக்கறதில்ல. பையங்கிட்டச் சொல்ல வெக்கமா இருக்குது" என்றார். இத்தனை வருஷமாக என்னை மிரட்டிய அந்தக் குரலா இது என்று இருந்தது. மறுநாள் காலை என் மனைவியும் நானும் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு பஸ் ஏறினோம். போகிற வழியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் கும்பலைப் பார்த்ததும் இந்த முறை டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

அந்த அம்மாவுக்கு முழுக்கச் சரியாகக் கொஞ்ச நாள் பிடித்தது. சரியான அன்றைக்கு எனக்குப் போன் பண்ணி, "நல்லாத் தூங்கி எந்திரிச்சேனுங் சாமி" என்றார். மாப்ள என்றே கூப்பிடுகிறவர், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி சாமி என்றார்.

பிறகு எங்கள் மேனேஜரிடம் போனேன். பாதி ஜோக்காகவும் பாதி நிஜமாகவும் கதையைச் சொன்னேன். அவர் சிரித்து முடித்ததும், பறிப்பு நடக்கிற சரிவுக்குச் சரிவு எடுத்துப் போய் நாட்டுகிற மாதிரி தார்ப்பாய் மறைப்பு ஒன்று கேட்டு வாங்கினேன். இந்த சீசனில் அது எங்களோடு ஊர்ந்து வந்தது. காலையிலும் மத்தியானத்திலும் நான் விசில் அடிப்பேன், எல்லாரும் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். நானும்தான்.

நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கேலி எதுவும் ஒருத்தர் வலியையும் குறைத்ததில்லை. ஊர் நடுவில் வைத்து என் மானத்தை என் மனைவி கப்பலேற்றிய அந்த ஒரு நிமிஷம்தான் அத்தனை பேரை வாய் திறக்க வைத்தது என்று நினைக்கும்போது, போனால் போகட்டும், அந்த மானம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.