மண் பிஸ்கட்

அக்கா போய் ஓராண்டாகிறது. வாத்தியார் என்பதால் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எழுதத் தெம்பில்லை. ஆனாலும் அவருக்குத் தம்பி என்று நான் ஒருவன்தானே இருக்கிறேன்.

அக்கா பிறந்தது திருவிடைமருதூருக்குப் பக்கத்துச் சிற்றூரில். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்பே வயல்வேலைக்குப் போய்விடுவார்கள். டீயில் நனைத்த பிஸ்கட்தான் எங்கள் இருவருக்கும் காலைச் சாப்பாடு. தன் பங்கிலும் பாதியை எனக்குத் தந்துவிட்டு, பள்ளியில் மயங்கி விழுவார். அதை வீட்டில் சொன்னதில்லை.

மாமாவைக் கட்டிக்கொண்டு அவருடைய பேக்கரிக்கு வந்த பிறகும் அதே காட்சிதான். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து பிஸ்கட் வாங்குவார்கள். “பிஸ்கட்டுதான் காலைச் சாப்பாடுன்னா, அதுல ஏதாச்சும் சத்து இருக்கணும்டா தம்பி” என்றார் அக்கா. பச்சைப்பயறை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் காயவைத்து, வறுத்து அரைத்து, பிஸ்கட் மாவில் கலக்கத் தொடங்கினார்.

காயவைத்ததில்தான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் நெல்லோ உளுந்தோ, எதைக் காயப்போட்டாலும் தார்ச்சாலைதான். அக்காவும் முளைப்பயறைச் சாலையில் பரப்பினார். கும்பகோணம் பஸ் அதன்மேல் ஏறிப் போனது. முதல் ஈட்டு பிஸ்கட் பல்லில் நறநறவென்றது. ‘மண் பிஸ்கட்’ என்று ஊரே பெயர் வைத்தது. கேலிக்கு முதல் ஆள், அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா. அதற்குப் பிறகு அவர் அதை வாயில் வைத்ததே இல்லை. அக்கா மாடியில் மாமாவின் வேட்டியை விரித்துக் காயவைத்தார். மண் போயிற்று, பெயர் போகவில்லை. பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதான பின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மாமாவும் நானும் ஓய்ந்துபோனோம். பயறு சேர்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தன்னால் சாப்பிட முடியாததை அக்கா மற்றவர்களுக்குச் சுட்டுக்கொண்டே இருந்தார். இறப்பதற்கு முந்தைய நாள் மாலையும் பயறைத் துணியில் கட்டி வைத்திருந்தார்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த மாமா, நேரே மாடிக்குப் போய் அந்த மூட்டையைப் பிரித்துப் பரப்பினார். சித்தப்பாவுக்குக் கோபம்.

“கருமாதி முடியறவரைக்கும் வீட்டுல பலகாரம் சுடக்கூடாது. ஊரு என்ன சொல்லும்?”

“அவ கட்டி வச்சதுங்க. புள்ளைங்க காலையில வந்து நிக்கும்ங்க” என்றார் மாமா.

பால் தெளித்த மறுநாள் அடுப்பை மூட்டினார். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வந்தார்கள், வாங்கிப் போனார்கள். வெகுநேரம் கழித்து சித்தப்பாவே ஒரு பிஸ்கட் கேட்டார். டீயில் நனைத்து மெதுவாக மென்றார்.

“மண்ணே இல்லையே” என்றார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதுவரை அழாத எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களோடு காத்துக் கிடந்தவர்களுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் துணியில் இப்போது நான்தான் பயறு கட்டுகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது, விட முடியவில்லை. இந்த மலரோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறோம். சாப்பிட்டுப் பாருங்கள். மண் இருக்காது.